சொத்தில் சம பங்கு: சட்டம்தான் வந்தாச்சே, அப்புறம் என்ன?

11 மே 2025, கேள்வி

பெண்களுக்குச் சொத்தில் சம உரிமையைத் தமிழ்நாட்டில் 1989இலேயே கொடுத்தாச்சு. 2005இல் இந்தியா முழுக்கக் கொடுத்தாச்சு. இன்னும் எதற்குப் போராட்டம், போராட்டம் என்று பேச்சு? எங்கள் வீட்டில் மூன்று தங்கைகள். மூன்று பேரும் "எங்களுக்கு வேண்டாம் அண்ணா" என்று தாங்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வேண்டாம் என்பவர்களுக்கு உரிமை எதற்கு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

11 மே, இரவு

எனக்குக் கொஞ்சம் விவரம் தெரியும். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பத்திர எழுத்தரிடம் ரொம்ப வருஷம் டைப் அடித்தவள் நான். உங்கள் தங்கைகள் எழுதிக் கொடுத்ததற்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். அவர்கள் எழுதியிருக்க மாட்டார்கள், என்னைப் போல ஒருத்தி அடித்திருப்பாள். அதில் என்ன இருந்தது என்று அவர்கள் படித்தார்களா என்பதை மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

1989இல் கொடுத்தார்கள், சரி. ஆனால் எல்லாருக்கும் இல்லை. அந்த வருஷம் மார்ச் 25க்கு முன் கல்யாணமாகிப் போன பெண்ணுக்குக் கிடையாது. அதற்குள் பாகம் பிரிந்துபோன குடும்பத்துப் பெண்ணுக்கும் கிடையாது. என் அக்காவுக்கு 1988 தையில் கல்யாணம். எனக்கு 1990 ஆவணியில். ஒரே அப்பா, ஒரே அம்மா. சட்டத்தின் கண்ணில் நான் அண்ணன்களுக்குச் சமம், அக்கா அல்ல. ஒரு முகூர்த்த நாள் செய்த வேலை.

14 மே

"பூர்வீகச் சொத்தில் எவ்வளவுதான் வித்தியாசம் வந்துவிடும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கணக்காகவே போடுகிறேன். எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு வேலி நிலம், அதாவது 20 மா. ஒரு மாவுக்கு 100 குழி. அப்பா, அம்மா, இரண்டு அண்ணன்கள், அக்கா, நான்.

1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பா இறந்தால், முதலில் அப்பாவும் இரண்டு மகன்களும் பிரித்துக்கொண்டதாக ஒரு பாவனை. ஆளுக்கு மூன்றில் ஒன்று. பிறகு அப்பாவின் பங்கை மட்டும் அம்மா உட்பட ஐந்து பேருக்கும் பிரிக்க வேண்டும். போட்டுப் பாருங்கள். அண்ணன்களுக்கு ஆளுக்கு 8 மா, பெண்கள் மூவருக்கும் ஆளுக்கு 133 குழி சொச்சம். "மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு" என்று பெருமையாகச் சொல்லப்பட்ட சட்டத்தின் லட்சணம் இது. அப்பாவின் பங்கில் சமம்தான். அப்பாவின் பங்கு எவ்வளவு என்பதில்தான் வேலையைக் காட்டிவிட்டார்கள்.

1989 திருத்தப்படி பார்த்தால் பாவனைப் பிரிவினையில் அப்பா, இரண்டு அண்ணன்கள், நான் என்று நான்கு பேர், ஆளுக்கு 5 மா. அப்பாவின் 5 மா ஐவருக்கும். ஆக எனக்கு 6 மா, அண்ணன்களுக்கு ஆளுக்கு 6 மா, அக்காவுக்கு 1 மா, அம்மாவுக்கு 1 மா.

2005க்குப் பிறகு அக்காவும் சேர்ந்துவிடுவாள். பிள்ளைகள் நால்வருக்கும் ஆளுக்கு 4 மா 80 குழி.

சுயமாகச் சம்பாதித்த சொத்து வேறு கணக்கு. அப்பா உயிரோடு இருக்கும்வரை அதில் மகனுக்கும் உரிமை இல்லை, மகளுக்கும் இல்லை. உயில் எழுதாமல் இறந்தால் 1956இலிருந்தே சமம்.

15 மே

கணக்கைப் பார்த்த ஒரு தம்பி, 2005 கணக்கில் அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறார். கெட்டிக்காரர். நான் வேண்டுமென்றே எழுதாமல் விட்டேன், யாராவது கவனிக்கிறார்களா பார்க்கலாம் என்று.

1956இல் 133 குழி. 1989இல் 100 குழி. 2005இல் 80 குழி. மகள்களுக்கு நியாயம் செய்யச் செய்ய, அம்மாவின் பங்கு தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. பாவனைப் பிரிவினையில் மனைவிக்கு இடமே இல்லை, நம் பக்கத்து வழக்கப்படி. கணவன் இறந்த பிறகு அவன் பங்கிலிருந்து கிடைப்பதுதான். அந்தப் பங்கோ பங்காளிகள் கூடக் கூடச் சின்னதாகிறது. அந்த நிலத்தில் நாற்பது வருஷம் நாற்று நட்டவள் அவள்.

இதை யாரும் மேடையில் பேசி நான் கேட்டதில்லை. எனக்கே பாகப்பிரிவினை அடிக்கும்போதுதான் உறைத்தது.

22 மே

கேள்வி கேட்டவர் கோபமாகத் திரும்ப வந்திருக்கிறார். "யாரும் மிரட்டவில்லை, சந்தோஷமாகத்தான் கையெழுத்துப் போட்டார்கள்" என்கிறார். மிரட்டினீர்கள் என்று நான் சொல்லவே இல்லையே ஐயா. எங்கள் ஆபீசில் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், உங்கள் வீட்டில் வேறு மாதிரி நடந்திருந்தால் நல்லது.

அண்ணன் முதல் நாளே வந்து மூலப்பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று எல்லாம் கொடுத்துவிட்டுப் போவார். மறுநாள் காலையில் தங்கை கணவனோடு வந்து இறங்குவாள். புதுப்புடவை கட்டியிருப்பாள், பெரும்பாலும் முதல் நாள் சாயங்காலம் அண்ணன் எடுத்துக் கொடுத்தது. பெஞ்சில் உட்காருவாள். நான் அடித்து முடித்ததும் எழுத்தர் கடகடவென்று வாசிப்பார். "மேற்படி சொத்தில் எனக்குள்ள பாத்தியதைக்கு ஈடாக ரூபாய் இருபத்தைந்தாயிரம் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டபடியால், இனிமேல் மேற்படி சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லையென்று மனப்பூர்வமாகச் சம்மதித்து எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம்." இருபத்தைந்தாயிரம் என்பது ஒரு வழக்கம். பல பேர் அந்தப் பணத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு பெண் வாசிப்பை நிறுத்தச் சொல்லி, "பணமா? எந்தப் பணம்?" என்று கேட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அண்ணன், "அது சும்மா எழுத்துக்கும்மா" என்றார். சரி என்று தலையாட்டினாள்.

சார்பதிவாளர் முன் ஒரே கேள்விதான். "சம்மதம்தானே? பணம் வந்து சேர்ந்ததா?" அந்த நேரத்தில் அந்தப் பெண் சார்பதிவாளரைப் பார்க்க மாட்டாள், அண்ணனைப் பார்ப்பாள். பெருவிரல் ரேகை, கையெழுத்து, இரண்டு சாட்சி, முடிந்தது. பிறகு எல்லாரும் எதிர் ஓட்டலில் டிபன். மனஸ்தாபம், அழுகை ஒன்றும் இருக்காது. சந்தோஷமாகத்தான் போவார்கள், நீங்கள் சொல்வது சரி.

23 மே

இல்லை, அந்தக் கடைசி வரி பாதிதான். சந்தோஷம் என்பதைவிட நிம்மதி என்று எழுதியிருக்கலாம். கையெழுத்துப் போட வரும்வரை அந்தப் பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் ஒரு மாதிரி பேச்சு நடந்துகொண்டிருக்கும். போட்டதும் அது நின்றுவிடும்.

2 ஜூன்

"நீங்கள் கையெழுத்துப் போட்டீர்களா?" என்று மூன்று பேர் கேட்டாயிற்று. போட்டேன். 1997இல். அப்பா போய் மறு வருஷம். ஆறு மா நிலத்தை விட்டுக்கொடுத்தேன். வாசகத்தை நானே அடித்தேன், தப்பில்லாமல். சட்டம் தெரியாமல் போட்டேன் என்று சொல்ல முடியாது.

அக்கா போடவில்லை. அவளுக்கு இருந்தது ஒரு மா. "ஒரு மாவா இருந்தாலும் அப்பா வச்சுட்டுப் போனது, நான் போட மாட்டேன்" என்றாள். 1999இல் அண்ணன்கள் பாகப்பிரிவினை பதிந்தபோது அந்த ஒரு மாவை அவள் பேருக்கு ஒதுக்கித்தான் பதிய வேண்டியிருந்தது. வாய்க்கால் எட்டாத மூலை. அதன் பிறகு பொங்கல் சீர் எனக்கு வந்தது, அவளுக்கு நின்றது. அவள் மகனுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடி இல்லாமல் மாமனார் வீட்டுச் சொந்தம் ஒருவர் மடியில் உட்காரவைத்தார்கள். ஊரே பேசிற்று.

2005 சட்டம் வந்ததும் அக்கா எனக்குப் போன் போட்டுக் கேட்டாள், இப்போது நமக்கும் சமம்தானே என்று. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை அந்தச் சட்டம் தொடாது. என்னுடையதும் போனது போனதுதான். அவளிடம் அதைச் சொல்ல வேண்டியவளாக நான் இருந்தேன்.

நான் ஏன் போட்டேன் என்றால், அந்தச் சமயம் என் கணவருக்கு நிலையான வேலை இல்லை. நாளைக்கு இரண்டு குழந்தைகளோடு போய் நிற்க ஒரு வாசல் வேண்டும் என்று நினைத்தேன். ஆறு மாவுக்கு நான் வாங்கியது அந்த வாசலை. கடைசியில் போய் நிற்கும்படி ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் திறந்திருப்பார்களா என்பது அண்ணிக்குத்தான் வெளிச்சம்.

5 ஜூன்

"அண்ணியை ஏன் இழுக்கிறீர்கள், அவளும் ஒரு வீட்டில் கையெழுத்துப் போட்டு வந்தவள்தானே" என்று ஒருவர். உண்மை. அண்ணி தன் அண்ணனுக்குப் போட்டுக் கொடுத்த பத்திரத்தையும் நான்தான் அடித்தேன்.

19 ஜூன்

இழை வேறு பக்கம் போய்விட்டது. பெரியாரா அம்பேத்கரா, யார் முதலில் என்று இரண்டு பேர் நான்கு நாளாக மல்லுக்கட்டுகிறார்கள். இருவருக்கும் சேர்த்து.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு, தலைமை சௌந்தரபாண்டியனார். பெண்களுக்கு ஆண்களைப் போலவே சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அது சட்டமாக அறுபது வருஷம் ஆனது. அதுவும் அறுபதாவது வருஷம் மார்ச் 25க்குள் கல்யாணம் ஆனவர்களைக் கழித்துக்கொண்டு.

நடுவில், 1937 சட்டம் விதவைக்குக் கணவன் பங்கைக் கொடுத்தது, ஆனால் ஆயுள் உரிமையாக மட்டும். அனுபவிக்கலாம், விற்க முடியாது. பிறகு இந்துச் சட்டங்களைத் தொகுக்க அமைத்த பி.என்.ராவ் குழு. 1944 வரைவில் மகளுக்கு மகன் பங்கில் பாதி. அம்பேத்கர் கைக்கு வந்ததும் அதை முழுப் பங்காக்கினார். பிறப்பாலேயே ஆண்களுக்குப் பங்கு என்ற கூட்டுக்குடும்ப முறையையே எடுத்துவிடப் பார்த்தார். அங்கேதான் சபை கொதித்தது. குடும்பம் உடைந்துவிடும், அண்ணன் தங்கை பாசம் போய்விடும் என்றார்கள். (இன்று இந்த இழையில் எழுதுகிறவர்கள் அந்த விவாதங்களைப் படித்தால், தங்கள் வசனத்தை யாரோ முன்கூட்டியே திருடிவிட்டதாக நினைப்பார்கள்.) 1951 செப்டம்பரில் அம்பேத்கர் சட்ட அமைச்சர் பதவியை விட்டதற்கு இதுவும் முக்கியக் காரணம். 1956இல் வந்தது தோல் உரித்த மசோதா. கூட்டுக்குடும்ப முறை அப்படியே நின்றது, மேலே போட்ட 8 மா, 133 குழி கணக்கு அதன் பலன்தான்.

இரண்டு பேருக்கும் நடுவில் பெண்களை மறந்துவிட்டீர்கள். அகில இந்திய மாதர் மாநாட்டுக்காரர்கள் 1930களிலிருந்து இதே கோரிக்கையோடு அலைந்தார்கள். சபைக்குள் ரேணுகா ராய், துர்காபாய், ஹன்சா மேத்தா பேசினார்கள்.

20 ஜூன்

நல்லது ஒன்றையும் சொல்ல வேண்டும். 1937இல் ஆயுள் உரிமையாக இருந்ததை 1956 சட்டத்தின் 14ஆம் பிரிவு ஒரே அடியில் முழு உரிமையாக்கியது. இந்த ஒரு பிரிவால் விற்கவும் எழுதி வைக்கவும் முடிந்த விதவைகளை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு ஆத்தா தன் பங்கை மகன்களுக்குக் கொடுக்காமல் பேத்தி படிப்புக்கு என்று செட்டில்மென்ட் எழுதிவைத்தார். மகன்கள் வாசலில் நின்று முறைத்தார்கள். ஆத்தா ரேகை வைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டே போனார்.

3 ஜூலை

சொத்து இல்லாவிட்டால் என்ன, ஓட்டு இருந்ததே என்று ஒருவர். ஓட்டும் சொத்தைப் பார்த்துத்தான் வந்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் 1921இல் சென்னை சட்டசபைதான் பெண்களுக்கு ஓட்டுரிமை என்று முதலில் தீர்மானித்தது. ஆனால் அந்தக் காலத்தில் ஓட்டுப் போட நிலமோ வரியோ இருக்க வேண்டும். பெண் பேரில் நிலம் ஏது? ஆகவே ஓட்டுப் போட்ட பெண்கள் சொற்பம். 1935 சட்டத்தில் தகுதியுள்ள ஆணின் மனைவி, எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று வாசலை அகலமாக்கினார்கள். எல்லாருக்கும் ஓட்டு என்பது அரசியலமைப்போடுதான். அப்போதும் முதல் பொதுத்தேர்தலில் சுமார் 28 லட்சம் பெண்களின் பேரை வட இந்தியாவில் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டி வந்தது, "இன்னார் மனைவி", "இன்னார் மகள்" என்று மட்டும் எழுதி, சொந்தப் பேரைச் சொல்லாததால்.

8 ஜூலை

ஒரு குடும்பம் இவ்வளவு நிலம்தான் வைத்துக்கொள்ளலாம் என்ற நில உச்சவரம்புச் சட்டத்தால் பெண்கள் பேருக்கு நிலம் வந்ததா என்று கேட்டவருக்கு. ஆமாம், அது ஒரு தமாஷ். 1961 தமிழ்நாட்டுச் சட்டத்தில் குடும்ப உச்சவரம்புக்கு மேல், பெண்ணின் சீதன நிலம் என்றால் 10 ஸ்டாண்டர்டு ஏக்கர் வரை வைத்துக்கொள்ளலாம். அதுவரை மகளுக்கு ஒரு குழிகூடக் கொடுக்காத பண்ணைகளில் எல்லாம் திடீரென்று மகள்கள் நிலச்சுவான்தார்கள் ஆனார்கள். பழைய பத்திரங்களைப் புரட்டும்போது அப்படி அடிக்கடி கண்ணில் படும். பட்டா அவள் பேரில், சாகுபடியும் நெல்லும் வேறு பேரில். இன்றும் விவசாயக் கணக்கெடுப்பில் பெண்கள் கையில் இருப்பது 100 சாகுபடிக்கு 14 போல (2015-16, இந்தியா முழுக்க). அந்த 14இல் எத்தனை நிஜம் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

27 ஜூலை

யாழ்ப்பாணத்து அன்பர் ஒருவர், தங்கள் ஊரில் காணியும் வீடும் சீதனமாகப் பெண் பேரில்தான் எழுதப்படும், தமிழ்நாட்டைவிட அவர்கள் முன்னேற்றம் என்று எழுதியிருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன், நம் ஊரில் சீர் என்றால் பித்தளை அண்டாவும் பீரோவும். ஆனால் அண்ணே, உங்கள் ஊர் வழக்குச் சட்டமான தேசவழமைப்படி கல்யாணமான பெண் அந்தச் சீதனக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவன் எழுத்தில் சம்மதம் தர வேண்டும் அல்லவா? ஒல்லாந்தர் காலத்தில், 1707 வாக்கில் எழுதிவைத்த வழமை, பிறகு சட்டங்கள் வந்து மாற்றியும் இந்தச் சம்மதம் மட்டும் போகவில்லை. எங்கள் பெண்கள் அண்ணனைப் பார்க்கிறார்கள், உங்கள் பெண்கள் கணவனைப் பார்க்கிறார்கள். யார் முன்னேற்றம் என்று நீங்களே சொல்லுங்கள்.

28 ஜூலை

கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி, கிறிஸ்தவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லையா என்று. உங்களுடையது இன்னும் பெரிய கதை. திருவிதாங்கூர்க் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம், 1916. மகளுக்கு மகன் பங்கில் கால், அல்லது 5000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. எது குறைவோ! உங்கள் பகுதி பழைய திருவிதாங்கூர் என்பதால் உங்கள் பாட்டிகளுக்கும் இதுதான். அந்தச் சட்டம் செத்துப்போய்விட்டது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1970களிலேயே சொன்னது. கேரளத்தில் அதை மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986இல் வாங்கினார். தீர்ப்பு வந்த பிறகும் சொந்தச் சகோதரனிடமிருந்து பங்கைக் கைக்குக் கொண்டுவர அவருக்கு இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் ஆனது.

11 ஆகஸ்ட்

வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்கு இன்றோடு ஐந்து வருஷம். 2005 சட்டம் வந்த அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று 2015இல் ஒரு தீர்ப்பு வந்து எத்தனையோ வழக்குகள் படுத்துவிட்டன. அது தேவையில்லை, பங்கு பிறப்பால் வருவது, அப்பா இறந்த தேதியால் அல்ல என்று 2020இல் மூன்று நீதிபதிகள் முடித்துவைத்தார்கள். தீர்ப்பில் மகள் என்றைக்கும் பாசமுள்ள மகளாகவே இருப்பாள், மகன் மனைவி வரும்வரைதான் மகன் என்ற பழைய வசனத்தையும் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். பாசம் காட்டாத மகளுக்கும் பங்கு உண்டா என்று எங்கள் பழைய எழுத்தர் இருந்திருந்தால் கேட்டிருப்பார். மகளுக்குப் பங்கு கொடுத்ததோடு மருமகளுக்கும் ஒரு குட்டு.

30 ஆகஸ்ட்

யாருமே கேட்காத ஒன்று. பிள்ளை இல்லாத, கணவனும் இல்லாத இந்துப் பெண் தானே சம்பாதித்த சொத்து, உயில் இல்லாமல் அவள் இறந்தால் யாருக்கு? 1956 சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி கணவன் வீட்டு வாரிசுகளுக்கு. அவளைப் பெற்றவர்கள் அதற்குப் பிறகுதான். நாராயணி தேவி என்று ஒரு பெண்மணி. கல்யாணமாகி மூன்று மாதத்தில் கணவன் இறந்து, புகுந்த வீட்டார் விரட்டி, பிறந்த வீட்டில் இருந்து படித்து, வேலை பார்த்துச் சேர்த்த பணம். அவர் இறந்ததும் கணவனுடைய சகோதரியின் பிள்ளைகள் வந்து கேட்டார்கள். 2009இல் உச்ச நீதிமன்றம், மனம் கனக்கிறது, ஆனால் சட்டம் இதுதான் என்று அவர்களுக்கே கொடுத்தது. அந்தப் பிரிவு இன்றும் மாறவில்லை. "சட்டம் எல்லாம் கொடுத்தாச்சு" என்று மேலே சொன்னவர் இதைப் படிக்கட்டும்.

என் அக்கா போன வருஷமே உயில் எழுதிவிட்டாள். அந்த ஒரு மா அவள் மருமகளுக்கு. மகனுக்கு இல்லை. ஏன் என்று கேட்டால் சிரிக்கிறாள்.

9 செப்டம்பர்

முதலில் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார், இந்த முறை குரல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. தங்கைகளிடம் பத்திரத்தைப் படித்தார்களா என்று கேட்டாராம். இரண்டு பேர் இல்லை என்றார்களாம், மூன்றாவது தங்கை போனை வைத்துவிட்டாராம். இப்போது ஏதாவது செய்ய முடியுமா என்கிறார்.

முடியும். விடுதலைப் பத்திரத்தை ரத்து செய்யப் போகாதீர்கள், சிக்கல். உங்கள் பேரில் வந்துவிட்ட சொத்திலிருந்து அவரவர் பங்கைத் தான செட்டில்மென்டாக நீங்களே எழுதிக் கொடுக்கலாம். உடன்பிறந்தவர்களுக்கு என்றால் முத்திரைத்தீர்வைக்கு உச்சவரம்பு இருக்கிறது, பெரிய செலவு வராது. நிலமாகக் கொடுக்க மனமில்லை என்றால் இன்றைய மதிப்பைப் போட்டுப் பணமாகக் கொடுங்கள், பேங்க் வழியாக. சர்வே எண், பரப்பு, எந்த சார்பதிவாளர் எல்லை என்பதைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், வரைவு நான் அடித்துத் தருகிறேன். மூன்று தங்கைகளுக்கும் தனித்தனிப் பத்திரம். போனை வைத்தவருக்கு முதலில்.